சுவருக்கு அந்தப் பக்கம் பத்து மீட்டர்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்வது என் வேலை. "மூன்றாவது மேடையில் நிற்கும் பன்னிரண்டாம் எண் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்குமே, அது நான்தான். கண்ணாடி அடைத்த சின்ன அறை, கால் ஆடும் நாற்காலி, ஒரு மைக், சரியாக என் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஒரு கடிகாரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஊருக்கே பேசுகிறோம் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அது இறங்க அதிக நாள் ஆகவில்லை. நான் அறிவித்து வாயை மூடுவதற்குள் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "பன்னெண்டாம் நம்பர் எங்க நிக்குது?" என்று கேட்பார். மைக்கில் சொன்னதையே கையை நீட்டிக் காட்டுவேன். அவர் என் கையை நம்பிப் போவார். என் குரல்வளத்துக்கு இத்தனை வருடங்களில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் 'மைக்'. நான் பேசுவது எல்லோருக்கும் கேட்கும், ஆனால் யாரும் கேட்பதில்லை என்று என் மனைவி அதற்கு விளக்கம் சொல்வாள்.

இந்த லட்சணத்தில் எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல். பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, கொஞ்ச நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று உட்கார வைத்த பல் டாக்டர், அடுத்த நோயாளி வராததால் உள்ளறைக் கதவைத் திறந்தார். மேசை மேல் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மைக்கை எடுத்து ஏதோ எழுத்துகளையும் எண்களையும் சொன்னார். அது அவருடைய அழைப்புக்குறியாம். உடனே கடலுக்கு அப்பால் எங்கிருந்தோ ஒரு குரல், அவர் பெயரைச் சொல்லி, "நன்றாகக் கேட்கிறது, உங்கள் பக்கம் மழையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. என் வாய் தானாகத் திறந்து பஞ்சு மடியில் விழுந்தது. மைக்கில் பேசினால் பதில் வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாத செய்தி.

அந்தப் பெட்டியில் பேச அரசாங்க உரிமம் வேண்டும் என்றார் டாக்டர்; அதற்கான பரீட்சை எழுதினேன். முதல் முறை எழுதியதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். இரண்டாவது முறை உரிமமும் அழைப்புக்குறியும் கிடைத்தன. டாக்டர் தன் பழைய செட்டைக் கொடுத்தார். மாடிப்படி முடியும் இடத்தில் இருந்த சின்ன அறையிலிருந்து பழைய பெட்டிகளை அப்புறப்படுத்தி, ஜன்னலோரம் மேசை போட்டு, செட்டை வைத்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுவும் மைக்குதானா?" என்று கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள்.

செட்டு மட்டும் இருந்து என்ன செய்ய? ஆன்டெனா வேண்டும். கடையில் எதுவும் வாங்காதீர்கள், வெறும் கம்பியே போதும் என்றார் டாக்டர். இருபது மீட்டர் செப்புக் கம்பி. அதை நடுவில் வெட்டி, இந்தப் பக்கம் பத்து அந்தப் பக்கம் பத்து என்று நேராக நீட்டிக் கட்டி, நடுவிலிருந்து ஒரு கேபிளை இறக்கிச் செட்டில் செருக வேண்டும். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டைக் கோத்துவிட்டால் முடிந்தது வேலை. "உங்க மொட்டை மாடி எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். "இருபத்தி நாலு மீட்டர்" என்றேன், பெருமையாக. பொய்யில்லை. மொட்டை மாடி இருபத்து நாலு மீட்டர்தான். நட்டநடுவில் ஒரு சுவர் இருப்பதைத்தான் சொல்லவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் வீடு. அப்பா போன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்தோம். அறைகள், தண்ணீர்க் குழாய், மாடிப்படி எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு பிரித்துக்கொண்ட நாங்கள், நடுச் சுவரின் கனம் யார் பக்கம் வருவது என்பதில் முட்டிக்கொண்டோம். ஒரு செங்கல் அகலம். "உன் பக்கம் வெச்சுக்கோ" என்றான் அவன். "ஏன், உன் பக்கம் வெச்சா என்ன?" என்றேன் நான். குரல் ஏறியது. கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தவர் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், நூல் பிடித்து, பாதி அவன் பக்கம் பாதி என் பக்கமாகச் சுவரை எழுப்பிவிட்டார். சண்டைக்கான காரணம் அன்று சாயங்காலமே தீர்ந்துவிட்டது. பேச்சு மட்டும் நின்றது நின்றதுதான். யார் முதலில் பேசுவது என்று இருவரும் காத்திருந்ததில் சில வருடங்கள் ஓடிவிட்டன.

பெண்களுக்கு இந்தத் தகராறில் பங்கில்லை. துணி காயப்போடும்போது என் மனைவியும் அண்ணியும் மாடிச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அண்ணன் தும்மினால் எந்த மாத்திரை போட்டான் என்பது வரை எனக்கு வந்து சேரும். தெருவில் எதிர்ப்பட்டால் மட்டும் நான் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். அவன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவான். அண்ணன் சாரம் கட்டுகிறவன். எழும்பும் கட்டடங்களுக்கு வெளியே கழியும் கயிறுமாக அந்தரத்தில் ஏறி இறங்குவது அவன் பிழைப்பு. குனிந்தால் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் குனிவான். நானும் அணைத்து வைத்த போனில் "ஹலோ, ஹலோ" என்பேன்.

ஆக, உலகத்தோடு பேச வேண்டுமென்றால் நான் முதலில் அண்ணனோடு பேச வேண்டும். கம்பி சுவரைத் தாண்டாமல் நீளாது. கேட்டால் கொடுத்துவிடுவான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டால் நான்தான் முதலில் பேசியவன் ஆவேன். அது மட்டும் நடக்காது என்று முடிவுகட்டி, பாக்கியிருந்த எல்லா முட்டாள்தனங்களையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதலில் கம்பியை என் பக்கக் கைப்பிடிச் சுவரைச் சுற்றி மடக்கி மடக்கிக் கட்டினேன். நாம் அனுப்பும் சக்தியில் எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு திரும்பி வந்து நம் முகத்தில் அறைகிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. என் மீட்டரின் ஊசி அறைகிற பக்கமே சாய்ந்து கிடந்தது. "கம்பி நீளமா இருந்தா வெட்டலாம். குட்டையாயிட்டா ஒட்ட முடியாது. பார்த்து வெட்டுங்க" என்று டாக்டர் கரடியாகக் கத்தியிருந்தார். நானும் பார்த்துத்தான் வெட்டினேன். வெட்ட வெட்ட ஊசி இன்னும் மோசமாயிற்று. இன்னும் ஒரு விரல் வெட்டினால் திரும்பும், இன்னும் ஒரு விரல் என்று வெட்டிக்கொண்டே போனேன். கம்பி ஆரம்பத்திலேயே குட்டை என்று எனக்கு உறைத்தபோது மாடி முழுக்கச் செப்புத் துண்டுகள் கிடந்தன. துடைப்பத்தோடு வந்த மனைவி, "ஆன்டெனா கட்டறீங்களா, பீன்ஸ் நறுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

புதுக் கம்பி வாங்கிப் படுக்கையறைக் கூரைக்குக் கீழே கோணல்மாணலாக ஓட்டினேன். அதில் என் குரல் கடல் தாண்டவில்லை, கூடத்தில் இருந்த டி.வி.க்குள் போனது. மனைவி செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தால் என் குரல் வாத்துபோல் கத்தியது. அன்றோடு படுக்கையறையிலிருந்து கம்பியும், இரண்டு நாளைக்கு நானும் வெளியேற்றப்பட்டோம்.

மறுபடி மாடிக்கே வந்து மடக்கிக் கட்டினேன். அதில் எல்லோரும் பேசுவது எனக்குக் கேட்டது. எங்கோ பனி கொட்டுவதைப் பற்றி, யாரோ ஒருவருடைய முழங்கால் வலியைப் பற்றி, எல்லாமே கேட்டது. நான் கூப்பிட்டால்தான் ஒருவருக்கும் கேட்கவில்லை. தினம் சாயங்காலம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கூப்பிட்டேன். பேருந்து நிலையத்திலாவது கண்ணாடியைத் தட்ட ஒரு ஆள் இருந்தார்.

"கடல் தாண்டி இருக்கறவர்கிட்ட பேச இத்தனை பாடு. சுவரு தாண்டி இருக்கறவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா எல்லாம் முடிஞ்சுது" என்றாள் மனைவி.

"நான் ஏன் முதல்ல பேசணும்? அவன் பெரியவன். அவன் பேசட்டும்."

"அவரும் அதான் சொல்றாராம். நீங்க சின்னவராம், நீங்கதான் பேசணுமாம்."

கடைசியில் பெண்கள் இருவரும் சேர்ந்து ஒரு வழி செய்தார்கள். "அவரு வேலைக்குப் போனப்புறம் கம்பியை இந்தப் பக்கம் குடுங்க தம்பி. நான் கட்டிக்கறேன். கேட்டா துணி காயப்போடற கொடின்னு சொல்லிக்கறேன்" என்றாள் அண்ணி. நான் நடுச் சுவரில் என் பாதியாகப் பார்த்து ஒரு கழியை நட்டு, கம்பியின் நடுவை அதன் உச்சியில் தொங்கவிட்டேன். ஒரு பாதியை என் பக்கக் கோடியில் கட்டினேன். மறு பாதியின் நுனியை வாங்க அண்ணி சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றாள். கையில் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆன்டெனாக் கம்பியை எடை கட்டி வீசித்தான் போட வேண்டும் என்று எதிலோ பார்த்திருந்தேன். ஒரு பழைய பூட்டைக் கட்டி வீசினேன். அது அண்ணன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதிய சத்தத்துக்குத் தெருவில் ஜன்னல்கள் திறந்தன. இவ்வளவு ரகசியமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அண்ணி நுனியை ஒரு இரும்புக் கம்பத்தில், சடைக்கு ரிப்பன் கட்டுவதுபோல் பூ முடிச்சாகக் கட்டினாள். கம்பி தலைக்கு இடிக்கும் உயரத்தில் தொய்ந்து நின்றது. சொன்ன பொய்யை மெய்யாக்க அதில் நாலு தலையணை உறையும் காயப்போட்டாள். அவை ஈரமாக இருந்தால் ஊசி ஒரு பக்கம், காய்ந்தால் இன்னொரு பக்கம்.

எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்தது அப்போதுதான். இந்த மாதிரிக் கம்பியில், நாம் பேசும்போது மின்னழுத்தம் அதிகமாக இருப்பது நடுவில் அல்ல, நுனியில். கேபிள் இருக்கும் இடத்தைவிட ஒன்றுமே இல்லாத நுனிதான் சுடும். உயிர் போகாது, ஆனால் தொட்ட விரல் வெந்துவிடும். அந்த நுனியைத்தான் நான் அண்ணன் வீட்டில் கட்டி வைத்திருந்தேன். அண்ணியிடம் சொன்னேன். "நான் ஏன் தொடப்போறேன்?" என்றாள். "அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்க" என்றேன். "துணிக் கொடி சுடும்னு எப்படித் தம்பி சொல்றது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நானே போய்ச் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. அதற்குப் பதிலாக, அண்ணன் வீட்டில் இருக்கும் நேரத்தில் செட்டைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். பேசாமல் இருப்பதற்காக நான் எடுத்த முயற்சிகளில் பாதியைப் படிப்பில் காட்டியிருந்தால் இன்று ஒரு பேருந்தே சொந்தமாக இருந்திருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், கம்பியின் என் பக்கத்து முனையில் ஒரு நகத்தளவு வெட்டிவிட்டு வந்து செட்டைப் போட்டால், ஊசி சாதுவாகப் படுத்துவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு வெட்ட வேண்டும், வெட்டும்போது மனநிலை எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குப் பாடமே எடுத்தேன். இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர், "அப்படியா" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சூரியன் இறங்கும் நேரத்தில் டாக்டரே கூப்பிட்டார். "இன்னிக்கு அலைவரிசை அருமையா திறந்திருக்கு, தூரத்துக் குரலெல்லாம் கேக்குது. விட்டுடாதீங்க." எட்டிப் பார்த்தேன். அண்ணன் வீட்டு வாசலில் பைக் இல்லை. எங்கோ போயிருக்கிறான் என்று சந்தோஷமாக மாடிக்கு ஓடினேன். பைக் மட்டும் மெக்கானிக்கிடம் போயிருந்தது எனக்குத் தெரியாது.

கூப்பிட்டேன். இரண்டாவது முறை கூப்பிட்டு முடித்ததும், இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு ஆண் குரல் என் அழைப்புக்குறியை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னது. "மிக நன்றாகக் கேட்கிறது நண்பரே. உங்கள் பெயர் என்ன?" சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் மைக்கில் பேசியவனுக்கு முதல் பதில். பெயரைச் சொல்ல மைக்கின் பொத்தானை அழுத்தி, தற்செயலாக ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி மேடையில் அண்ணன் நின்றிருந்தான். ஒரு கையில் கட்டிங் பிளேயர். மறு கை கம்பியின் நுனிக்குப் போய்க்கொண்டிருந்தது. வெட்டப் போகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பி போச்சே என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. விரல் வேகுமே என்ற எண்ணம் ஒரு கணம் கழித்துத்தான் வந்தது.

"அண்ணா! தொடாதே! தொடாதே அண்ணா!"

பேருந்து நிலையத்து மொத்த அனுபவத்தையும் போட்டுக் கத்தினேன், மைக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்தியபடியே. இந்தச் செட்டின் அமைப்பு அப்படி. பொத்தானை அழுத்தியிருக்கும்போது, குரல் எழும் அளவுக்குத்தான் கம்பியில் சக்தி ஏறும். முணுமுணுத்தால் கொஞ்சம், கத்தினால் முழுசு. அதாவது நான் காப்பாற்றக் காப்பாற்ற அவனுக்குச் சுட்டது. விரலைப் பொத்தானிலிருந்து எடுத்திருந்தால் போதும், வாயையே திறந்திருக்க வேண்டாம். எனக்கோ அவன் துள்ளுவதைப் பார்த்துப் பதற்றம் கூடி, "விடுண்ணா! விடு!" என்று இன்னும் பலமாகக் கத்தியபடி மைக்கோடு வாசலுக்கு ஓடினேன். மைக்கின் சுருள் ஒயர் எட்டிய மட்டும் நீண்டு, அதற்கு மேல் நீளாமல், கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போயிற்று. அண்ணனைக் கடைசியில் காப்பாற்றியது அந்த ஒயர்தான்.

சுவரருகே போய் நின்றேன். அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"என்னடா வெச்சிருக்க இதுல?"

"பேசிட்டிருந்தேன்." மூச்சு வாங்கியது. "விரலைக் காட்டு."

காட்டினான். நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி. "எரியுதா?" என்று கேட்டேன்.

"பின்ன, குளுகுளுன்னா இருக்கும்?"

"நீ கம்பியை வெட்ட வந்தேன்னு நெனச்சேன்."

"வெட்டறதா? தொங்கிப் போச்சேன்னு இழுத்துக் கட்ட வந்தேன். உன் அண்ணி கட்டினது முடிச்சாடா அது? சாரம் கட்டறவன் வீட்டு மாடியில அப்படி ஒரு முடிச்சு. பார்க்கப் பொறுக்கலை. ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் அவுத்துட்டு உசரத் தூக்கிக் கட்டினேன். மறுபடி தொஞ்சு போச்சு."

ஊசி சாதுவாகப் படுத்தது நான் நகத்தளவு வெட்டியதால் அல்ல, அவன் தூக்கிக் கட்டியதால். டாக்டருக்கு எடுத்த பாடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"துணிக் கொடின்னு அண்ணி சொல்லலியா?"

"சொன்னா. துணிக் கொடிக்கு நடுவுல கேபிள் எதுக்குடா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

அண்ணன் விரலை ஊதிக்கொண்டான். "கேட்டா நான்தானே முதல்ல பேசினவன் ஆவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. இரண்டில் எதை அடக்குவது என்று தெரியாமல் இருமினேன். அதற்குள் மனைவி செல்போனோடு மாடியேறி வந்தாள். "டாக்டர் பேசறாரு. நீங்க ரேடியோவுல 'தொடாதே, விடு'ன்னு கத்தினீங்களாம். இங்க ஏதோ ஆபத்துன்னு அலைவரிசையில இருக்கற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திட்டுக் காத்துக்கிட்டிருக்காங்களாம். என்னன்னு கேக்கறாரு." பிறகுதான் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் யார் நிற்பது என்று பார்த்தாள். போனைக் காதில் வைத்து, "ஒண்ணுமில்ல டாக்டர். அண்ணன் தம்பி பேசிக்கறாங்க" என்றாள்.

நான் அறைக்குள் போய் மைக்கை எடுத்து, ஒருவருக்கும் ஆபத்தில்லை, என் அண்ணனுடைய ஒரு விரல்தான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, உலகத்திடம் மன்னிப்புக் கேட்டேன். சொல்லிவிட்டு வந்து பார்த்தால் அண்ணன் அதே இடத்தில் நின்றிருந்தான்.

"இப்பப் பேசினியா?"

"ஆமா."

"நான் தொட்டிருந்தா?"

"சுட்டிருக்கும்."

"நீ எப்பப் பேசற, எப்பப் பேசலைன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். இதற்கு ஒரே வழிதான் இருந்தது. "சொல்லிட்டுப் பேசறேன்" என்றேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் செட்டைப் போடுவதற்கு முன் சுவரருகே போய், "அண்ணா, பேசப் போறேன்!" என்று குரல் கொடுப்பேன். குளியலறையிலிருந்தோ கூடத்திலிருந்தோ, "பேசு!" என்று பதில் வரும். அலைவரிசை செத்துக் கிடக்கும் நாட்கள் உண்டு. எவ்வளவு கூப்பிட்டாலும் கடல் தாண்டி ஒரு ஈ காக்கை பதில் சொல்லாது. அந்த நாட்களிலும் செட்டை அணைத்துவிட்டு இறங்கும்போது எனக்கு ஒரு குறையும் தோன்றுவதில்லை.

போன மாதம் செட்டுக்குள் ஏதோ கருகிவிட்டது. நான்தான் எதையோ மாற்றிச் செருகியிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து, பாகங்களை மேசை முழுக்கப் பரப்பி, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் எழுந்து சுவரருகே போனேன்.

"அண்ணா, பேசப் போறேன்!"

பதில் வரவில்லை. படியேறும் சத்தம்தான் கேட்டது. அண்ணன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே மாடிக்கு வந்தான்.

"செட்டு பிரிஞ்சு கெடக்குன்னு உன் பொண்டாட்டி சொன்னாளே."

"ஆமா."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுச் சுவர் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றான்.

"சரி, பேசு."